ஓமெண்டு சொல்லக்கூடிய ஆள்

சுவிஸ் நாட்டில், டீட்டிகோன் ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் தெருவில் அவருடைய கடை இருந்தது. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் லிம்மாட் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அது யாரென்று தெரியாது. கடையண்ணை என்றால்தான் தெரியும். தேர்தலில் நின்றபோது, அச்சிட்ட வேட்பாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதில உங்கட பேரைக் காணேல்லையே அண்ணை, வெட்டிப்போட்டாங்களோ?" என்று அவரிடமே கேட்டவர்கள் உண்டு.

நீலநிற வேலைக்கோட்டு போட்டிருப்பார். அதற்குள்ளே கழுத்தில் ரை கட்டியிருப்பார். அரிசி மூட்டை இறக்கும்போதும் ரை, மீன்பெட்டி கழுவும்போதும் ரை. ஏனென்று கேட்டால், எந்த நேரத்தில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டி வருமென்று யாருக்குத் தெரியும் என்பார். அது பகிடியல்ல. கடையைப் பாதியில் மனைவியிடம் விட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, அப்படியே ரயில் ஏறிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் ஆட்கள் வந்து குடியேறிய கதையை நான் நெடுநாளாகக் காலவரிசைப்படுத்தி வருகிறேன். கோயில் அடிக்கல், முதல் கலியாண மண்டபம், முதல் மரணச்சடங்கு என்று எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அவருடைய கதையில் மட்டும் வரிசை நிற்பதில்லை. எந்த வருடத்துச் சம்பவத்தை எடுத்தாலும் அவர் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார். யாரோ ஒருவர் அவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் அதற்கு நன்றி சொல்லிவிட்டு, "சரி, ஓமெண்டு சொல்லக்கூடிய ஆள் ஆர்?" என்று கேட்கிறார்.

இதை அவர் ஜெர்மன் மொழியில் கேட்கும் விதம் வேறு. அவருடைய ஜெர்மனில் ஆண்பால் பெண்பால் எதுவும் தன்னிடத்தில் இருக்காது. ஆனால் குரல் தளராது. கோபமும் இருக்காது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன்னுடைய மேலதிகாரியின் பெயரை எழுதிக் கொடுக்கும்வரை புன்னகையோடு நிற்பார்.

முருங்கைக்காய்க் கதையை எடுத்துக்கொள்ளலாம். அது கடை திறந்த வருடமா, அடுத்ததா என்று எனக்கு வெகுகாலம் சந்தேகம் இருந்தது. அவரிடம் அந்த நாட்களில் கடைவாசலில் எடுத்த ஒரு படம் இருந்தது. அதில் கடைப்பலகை மரத்தால் செய்தது. பலகையை மாற்றியது இரண்டாம் வருடம். ஆகவே முதல் வருடம்தான். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெட்டி முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள். ஏதோ ஒரு பத்திரம் குறைகிறது என்றார்கள். வழக்கம்போல் அவர் தன் கேள்வியைக் கேட்டார். பேர்ன் நகரத்தில் ஒரு அலுவலகத்தைச் சொன்னார்கள். அடுத்த நாள் காலை அவர் பேர்னுக்குப் போனபோது கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. வீட்டில் மிஞ்சியிருந்த முருங்கைக்காயில் மனைவி வைத்த கறி.

அங்கே ஒரு பெண் அதிகாரி, இந்தத் தடியை எப்படிச் சாப்பிடுவது என்று உண்மையான அக்கறையோடு கேட்டிருக்கிறார். இவர் மேசையிலேயே பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்துக் கடித்து, இழுத்து, சக்கையைக் கடதாசியில் வைத்துக் காட்டியிருக்கிறார். எந்தப் பத்திரம் வேண்டும், அதைக் கொழும்பில் யார் தருவார்கள் என்ற விபரத்தோடு பின்னேர ரயிலில் திரும்பி வந்தார். இந்தக் கதையை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முடிவில் ஒரு கவலை மட்டும் மாறாது. "ரெண்டாம் துண்டை நீட்டினன். அந்த மனிசி கடைசி வரைக்கும் எடுக்கேல்லை."

இதே குணத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. மகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப் புள்ளிகள் போதாது என்று வகுப்பாசிரியர் சொன்னபோது, இவர் அதிபரிடம் போனார். அதிபரும் முடியாது என்றதும் அதற்கு மேலே போனார். கடைசியில் மறுபடி ஒரு சோதனை எழுத அனுமதி வாங்கிவிட்டார். மகள் எழுதினாள், தேறினாள், போனாள். இப்போது நொஷாட்டல் நகரத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். அவளை அங்கே ஏரிக்கரையில் சந்தித்துப் பேசினேன். தகப்பனைப் பற்றி நிறையச் சிரித்தாள். பிறகு, "எல்லாரிட்டையும் போய் ஓம் வாங்கினவர். என்னட்ட ஒருக்காக் கேக்கேல்லை அங்கிள்," என்றாள். அவளுக்கு அந்த வயதில் கேக் செய்யும் தொழில் பழக விருப்பமாம்.

அவர் அரசியலுக்கு வந்ததும் இந்தக் கேள்வியால்தான்.

மரக்கறி எடுக்க விடியப் புறத்தில் வான் ஓட்டிப் போகும்போது, நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் களஞ்சியங்களுக்கு எங்கள் பெண்கள் நடந்து போவதைக் கண்டிருக்கிறார். ஆறுமணி வேலைக்குப் போகிறவர்கள். முதல் பஸ் அந்தப் பக்கம் வரும் நேரத்தில் அவர்கள் ஏற்கெனவே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க வேண்டும். மாரிக் குளிரில், பனிக்குள்ளே, லொறி போகும் வீதியோரமாக, வேலைக்குக் கொடுத்த மஞ்சள் சட்டையை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். அவர்களில் ஒருவர் ராசாத்தி அக்கா. கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்தவர். வாயால் யாரையும் வெட்டி விழுத்துவார். கடையண்ணை வானை நிறுத்தி அவர்களை ஏற்றுவார். வானில் இடம் போதாது. "எங்களைக் கத்தரிக்காயோட அடுக்கிக் கொண்டுபோறதை விட்டிட்டு ஒரு பஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று ராசாத்தி அக்காதான் ஒரு நாள் சொன்னது.

கடையண்ணை நகரசபைக்குப் போனார். பஸ் நேரம் தங்கள் கையில் இல்லை என்றார்கள். பஸ் ஓட்டும் நிறுவனத்துக்குப் போனார். சொல்கிற நேரத்துக்கு ஓட்டுவதுதான் தங்கள் வேலை என்றார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கடைசியில் ஒரு வயதான அதிகாரி சிரித்துவிட்டு, இதையெல்லாம் மாற்றவேண்டுமென்றால் நீங்கள் மாநில சபைக்குத்தான் வரவேண்டும் என்றாராம். அவர் பகிடியாகச் சொன்னது. இவர் அதை ஒரு முகவரி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு கட்சியில் சேர்ந்தார். கூட்டங்களில் கதிரை அடுக்கினார். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் சூரிச் மாநில சபைத் தேர்தலில், எங்கள் தொகுதிப் பட்டியலில் அவருடைய பெயரும் வந்தது. தேர்தல் காலத்தில் காலை வேளைகளில் ரயில் நிலையத்தில் நின்று பயணிகளுக்குப் பாண், பணிஸ் என்று ரொட்டி வகை ஏதாவது கொடுப்பது இங்கே வழக்கம். கட்சிக்காரர் பிறைவடிவப் பணிசோடு வந்து நின்றார்கள். இவர் உழுந்து வடையோடு நின்றார். துண்டுப் பிரசுரத்தை வாங்காதவர்களும் வடையை வாங்கினார்கள். பிரசுரத்தில் வடையைச் சுற்றிக் கொடுக்கத் தொடங்கியது இரண்டாம் நாளிலிருந்து. அந்தப் பிரசுரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எண்ணெய்க் கறையோடு.

இப்போது வாக்குச்சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் பெரும்பாலானோர் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. குடியுரிமை பெற்ற ஒவ்வொருவருக்கும் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒரு தடித்த உறை தபாலில் வரும். பட்டியல்கள் உள்ளே இருக்கும். வீட்டிலிருந்து நிரப்பித் தபாலில் போடலாம்.

எங்கள் ஆட்களுக்கு அரச முத்திரையோடு தடித்த உறை வந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. வியாழக்கிழமை மரக்கறி வரும் நாள். உறையைத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு கடையண்ணையிடம் போவது. அகதி விண்ணப்பம், விசா புதுப்பிப்பு, வரி, பள்ளிக்கூடம், காப்புறுதி என்று எல்லாவற்றையும் அவர்தான் தராசுக்குப் பக்கத்தில் வைத்து நிரப்பிக் கொடுத்து வந்தார். காசு வாங்கமாட்டார். இவ்வளவு வருடமும் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே அந்த மாசி மாத வியாழக்கிழமையில் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் உறைகளோடு ஒரு வரிசை நின்றது. எல்லாரும் அவருக்கே வாக்களிக்க வந்தவர்கள். பேனை பிடிக்கும் வேலையை மட்டும் அவரிடம் விட்டிருந்தார்கள்.

பிறருடைய வாக்குச்சீட்டுகளைத் திட்டமிட்டுச் சேர்த்து நிரப்புவது இங்கே தண்டனைக்குரிய குற்றம். அவர் அதை வாசித்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், கடை வைத்து முன்னேறி மாநில சட்டசபைக்குப் போனவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை நான் விரும்பி வாசிப்பேன். மா ஆலை, பலசரக்கு, மரம் என்று ஏதாவது ஒரு வியாபாரம் இருக்கும். ஒன்றோ இரண்டோ தவணை சபையில் இருப்பார்கள். ஊருக்கு ஒரு ரயில்பாதை கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் அங்கே வாக்குச்சீட்டை அரசாங்கம் அச்சிடவில்லை. கட்சிகளே அச்சிட்டுக் கையில் கொடுத்தன. கடைக்காரர் தன் பெயர் அச்சிட்ட சீட்டைத் தன் வாடிக்கையாளரிடம் நீட்டினால் அவர் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவார். எங்கள் கடையண்ணை அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அந்த வியாழக்கிழமையே வென்றிருப்பார்.

வரிசையில் முதலாவது ராசாத்தி அக்கா. தன்னுடையது, கணவருடையது, இரண்டு பிள்ளைகளுடையது என்று நான்கு உறைகளைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பாகற்காய்ப் பையோடு பின்னால் நின்றேன். கடையண்ணை உறைகளைத் தொடவில்லை.

"அக்கா, இதை நான் நிரப்பேலாது. வீட்டை கொண்டுபோய் நீங்களே நிரப்புங்கோ."

"என்ன புதுக் கதை? எங்கட பாஸ்போட் பேப்பர் நிரப்பேக்கை இந்தச் சட்டம் எங்கை போனது?"

"அது உங்கட பேப்பர். இது என்ர பேரிருக்கிற பேப்பர்."

"உங்கட பேரைத்தானே எழுதச் சொல்லுறன்?"

"அதாலதான் ஏலாது."

ராசாத்தி அக்கா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் கொண்டுபோய்க் குப்பையில போடுறன்," என்றார்.

"போடுங்கோ. அதையும் நீங்கள்தான் போடவேணும்."

நான்கு உறைகளையும் அள்ளிக்கொண்டு, எடுத்து வைத்த மரக்கறியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். பின்னால் நின்றவர்கள் தங்கள் உறைகளை மெதுவாகப் பைகளுக்குள் வைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் இல்லை என்று சொல்லியிருந்தார். யாரிடம் போய் ஓம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கடையில் அவருக்கு உதவியாக மனைவியின் தம்பி இருந்தான். அவனுக்கு இது தாங்கவில்லை. பின்வாசலில் நின்று, திரும்பிப் போனவர்களை மறித்து, அத்தானுக்குத் தெரியவேண்டாம், நான் பார்க்கிறேன் என்று உறைகளை வாங்கிவிட்டான். ஞாயிறு மத்தியானம் சிவப்பரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு வாழைப்பழப் பெட்டி நிறைய உறைகளை அவர் கண்டெடுத்தார். நல்லவேளை, ஒன்றும் திறந்திருக்கவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்து வரச் சொன்னார். நான் போனபோது இருவரும் பெட்டிக்கு இருபக்கமும் நின்றார்கள்.

"இதென்ன களவே அத்தான்? இவ்வளவு சனமும் உங்களுக்கு வோட்டுப் போடெண்டுதானே தந்தது?"

"அவை தந்தது வோட்டில்லை," என்றார். "வோட்டுப் போடுற வேலையை."

"இதைத் திருப்பிக் குடுத்தால் தோத்துப்போவியள்."

அவர் பெட்டியை மூடினார். வான் திறப்புக் கொத்தை எடுத்தார்.

அன்று பனி கொட்டியது. நான் உறையில் இருக்கும் முகவரியை வாசிக்க, அவர் ஓட்டினார். டீட்டிகோன் முழுவதும், பிறகு பக்கத்து ஊர்கள். ஒவ்வொரு வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போய், உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். கோபம் வந்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. தேநீர் தந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் கணவன், "நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ அண்ணை?" என்று கேட்டார். தந்ததைத் திருப்பிக் கொடுப்பது உறவைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் அவர்களுக்குப் பட்டது. எப்படி நிரப்புவது என்று அவர் எல்லா வீட்டிலும் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். வானில் ஏறியதும் அவர் என்னிடம் சொன்னார்: "பாதிப்பேர் அலுமாரியிலதான் வைப்பினம்."

அப்படியே நடந்தது. அந்தத் தேர்தலில் அவர் தெரிவானவருக்கு அடுத்த இடத்தில் வந்தார். வித்தியாசம் ஒரு பஸ்ஸில் ஏறக்கூடிய ஆட்கள்கூட இல்லை. அடுத்த வியாழன் யாரோ கவுண்டரில், "நிரப்பித் தந்திருந்தால் வெண்டிருப்பியள்," என்றார்கள். "ஓம், வெண்டிருப்பன்," என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் நிறுத்தார்.

பெண்கள் அந்த மாரியிலும் நடந்தார்கள்.

பிறகுதான் அவருடைய பிடிவாதத்தின் முழு அளவையும் கண்டேன். இந்த நாட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்றுக்கு மக்கள் வாக்கெடுப்பு வரும். வீதி போடலாமா, வரி கூட்டலாமா, பாடசாலை கட்டலாமா என்று கேட்பார்கள். ஓம் அல்லது இல்லை என்று எழுதவேண்டும். அதுவரை எங்கள் ஆட்களில் பலர் அந்த உறைகளைப் பழைய கடதாசியோடு கட்டி வைப்பதுதான் வழக்கம். அவர் கடைக்குள்ளே ஒரு மேசையும் கதிரைகளும் போட்டார். உறையோடு வந்து அதில் இருந்து நிரப்பலாம். கேள்வி என்னவென்று விளக்குவார். விளக்கிவிட்டுத் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கத் தொடங்குவார். அந்தச் சீட்டில் அவருடைய பெயர் இல்லை; ஆனாலும் பேனையைத் தொடமாட்டார். நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால், "நான் என்ர வீட்டில போட்டிட்டன்," என்பார்.

முதலில் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். முறுக்குச் சாப்பிட வந்தார்கள் என்றும் சொல்லலாம். பிறகு கூடினார்கள். ஒரு கட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் இருந்து எதிரெதிராக எழுதிவிட்டு வீடு போகும்வரை சண்டை பிடித்தார்கள். அவர் போத்தல் அடுக்கிய முதுகிலேயே சந்தோஷம் தெரிந்தது.

ராசாத்தி அக்கா ஒரு வருடம் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேல்மாடியில் இருந்துகொண்டு, இரண்டு ஊர் தள்ளிப் போய் மரக்கறி வாங்கினார். அங்கே முருங்கைக்காய் முற்றல் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். சமாதானம் என்று எதுவும் பேசப்படவில்லை. மேசையில் ஒரு கதிரை அவருடையதாயிற்று.

அடுத்த மாநில சபைத் தேர்தல் வந்தபோது கடையண்ணை மறுபடியும் நின்றார். அந்த முறை யாரும் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. தபாலில் போட இருந்த கடைசி நாட்களில் ஒன்று. நான் அரிசிமா வாங்கப் போயிருந்தேன். ராசாத்தி அக்கா உறையோடு உள்ளே வந்தார். ஒட்டியாயிற்று, போகிற வழியில் போடப்போகிறேன் என்றார். பிறகு, கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இந்த முறை உங்கட பேரை வெட்டிப்போட்டன்."

அவர் அரிசிமாப் பையைத் தராசில் வைத்தார்.

"கோவத்தில இல்லை. நான் அடுத்த வருசம் பென்ஷன். பஸ் வந்தாலென்ன வராட்டிலென்ன எனக்கு? மகள் தன்ர பிள்ளைக்குப் பகல் காப்பகத்தில இடம் தேடி அலையுறாள். மற்றக் கட்சியில நிக்கிற அந்த ரீச்சர் மனிசி அதைத்தான் கதைக்கிறா. அவவுக்குத்தான் போட்டிருக்கிறன். ரெண்டு தரமும் அவவின்ர பேர்."

பட்டியலில் ஒரு பெயரை வெட்டிவிட்டு, வேறு கட்சிக்காரர் ஒருவரின் பெயரை இரண்டு தரம் எழுதலாம் என்பது இங்கே சட்டம். முன்னர் இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மேசையில் இருந்துதான் படித்தார்கள்.

போன முறை கடையண்ணை எவ்வளவால் தோற்றார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவர், "அட்டையில கையெழுத்து வைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

வாக்குச்சீட்டோடு ஓர் அட்டை வரும். இந்த வாக்காளர் நான்தான் என்று அதில் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் சீட்டை எண்ணமாட்டார்கள். ராசாத்தி அக்கா அவரையே பார்த்தார். உறையைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரித்தார். அட்டை வெறுமையாக இருந்தது.

அவர் காதில் செருகியிருந்த பேனையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. ராசாத்தி அக்கா எடுத்து, குனிந்து, ஆறுதலாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார். உறையை மறுபடி ஒட்ட ஒட்டுநாடா கேட்டார். அதையும் அவர் கவுண்டரில் வைத்தார்.

"பேசாமல் இருந்திருந்தால் ஒரு வோட்டுக் குறைஞ்சிருக்கும் உங்களுக்கு எதிரா," என்றார் ராசாத்தி அக்கா.

"ஓம். குறைஞ்சிருக்கும்." அவர் கண்ணாடிக்கு வெளியே, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த மஞ்சள் தபால் பெட்டியைப் பார்த்தார். "இப்ப எடுக்க வந்திடுவாங்கள். கெதியாப் போங்கோ."

அந்த ஞாயிறு பின்னேரம் முடிவு வந்தது. வித்தியாசம் முதல்முறையை விடக் குறைவு. ஆனால் இந்த முறை அது அவர் பக்கம் இருந்தது. விடியற்கால பஸ் வருவதற்கு இன்னும் இரண்டு மாரி போனது.